உலாவியின் அகராதியும் நமது கடமையும்

ஒரு பாஷை வளர்வதற்கும் தேய்வதற்கும் பெரிய காரணங்கள் பல உண்டு. அவற்றைக் குறித்து மேடைதோறும் பேசுகிறோம்; தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம். ஆனால் தினந்தோறும் கண்முன்னே நிகழும் சிறு காரணம் ஒன்றை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கம்ப்யூட்டரில் இணைய உலாவியைத் திறந்து, ஒரு மனுவோ கடிதமோ அறிக்கையோ தமிழில் எழுதத் தொடங்குகிறவன், தன் சொற்களின் அடியில் சிவப்பு நெளிகோடு ஒன்று ஓடி வருவதைக் காண்கிறான். "இது பிழை, இதுவும் பிழை" என்று யந்திரம் அவனுக்குச் சொல்கிறது. எழுதியவனோ பிழை செய்யவில்லை. அவன் எழுதிய பாஷையின் அகராதி அங்கே ஏற்றப்படவில்லை, அல்லது ஏற்றப்பட்ட அகராதியில் அவன் சொல் இல்லை, அவ்வளவே. குற்றம் அகராதியுடையது, தண்டனை எழுதுகிறவனுக்கு. இந்த நியாயத்தை நாம் ஏன் வாய்திறவாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

இக்கேள்வியின் அவசியத்தை அறிய வேறெங்கும் போக வேண்டாம். போடிநாயக்கனூரைப் பார்த்தால் போதும். மேற்கே மலையேறினால் போடிமெட்டு; அதைக் கடந்தால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று ஏலமலைத் தோட்டங்கள். அடிவாரம் தமிழ்நாட்டின் தேனி ஜில்லா. மலைமேல் கேரளத்தின் இடுக்கி ஜில்லா. மேலே விளையும் ஏலக்காய் கீழே விலையாகிறது. போடியிலும் இடுக்கி ஜில்லாவின் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏற்பாட்டில் நடைபெறும் ஏலங்களில் வியாபாரிகள் கம்ப்யூட்டரின் முன்னே அமர்ந்து விலை கேட்கிறார்கள். இந்த நாட்டில் ஒரே மனிதன் காலையில் ஆங்கிலத்தில் சரக்குப் பட்டியலும், மத்தியானம் மலையாளம் பேசும் தோட்டக்காரருக்கு ஒரு செய்தியும், மாலையில் தமிழில் தாலுகா ஆபீசுக்கு ஒரு மனுவும் எழுத நேர்கிறது. மூன்று பாஷைகளும் புழங்கும் இந்தச் சரிவுகளில் உலாவி ஒரே பாஷையை மாத்திரம் அறிந்திருக்குமானால், அது உதவி செய்யும் ஊழியனாக இராமல் இடையூறு செய்யும் அதிகாரியாகிவிடுகிறது.

இந்த இடையூறு இரண்டு விதமாக வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஆங்கில அகராதி மாத்திரம் இருக்கும்போது தமிழில் எழுதினால், எல்லாச் சொற்களுக்கும் சிவப்புக் கோடு விழும். குரோம் போன்ற உலாவிகளிலோ ஆங்கில அகராதி தமிழ் எழுத்துக்களைக் கண்டால் மௌனமாகத் தாண்டிப்போகும்; பிழையிருந்தாலும் சொல்லாது. முன்னது அநியாயமாகக் கண்டிக்கிறது. பின்னது அலட்சியமாக விட்டுவிடுகிறது. கண்டிப்பைக் கண்டவன் சலித்துப்போய்ச் சோதனையையே நிறுத்திவிடுகிறான். அல்லது 'ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம்' என்று தமிழை விட்டுவிடுகிறான். மௌனத்தைக் கண்டவனோ தன் தமிழில் பிழையே இல்லையென்று எண்ணிக்கொள்கிறான். இரண்டினாலும் நஷ்டம் தமிழுக்கே. பள்ளி மாணவன் ஒருவன் தான் எழுதும் ஆங்கிலம் மாத்திரம் திருத்தத்தக்கது, தமிழ் எப்படியும் எழுதத்தக்கது என்ற பாடத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறான். இதைவிட மோசமான பாடம் வேறு உண்டோ?

இந்த யந்திரப் பரிசோதகன் யார், எங்கிருந்து வந்தவன் என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நலம். 2006ஆம் வருஷத்தில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸின் இரண்டாம் பதிப்பு முதல், எழுதும் பெட்டியிலேயே எழுத்துச் சோதனை செய்யும் வசதி அவ்வுலாவியில் இருக்கிறது. இன்று ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் கையாளும் சோதனைக் கருவிக்கு 'ஹன்ஸ்பெல்' என்று பெயர். ஹங்கேரி தேசத்தைச் சேர்ந்த லாஸ்லோ நேமெத் என்பவர் தம் தாய்மொழிக்காக ஆக்கியது அது. ஹங்கேரிய பாஷையும் நம் பாஷையைப் போலவே ஒரு வேர்ச்சொல்லின் பின்னே விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டு போகும் இயல்புடையது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த பழைய கருவிகள் அதற்குப் போதவில்லை. 'எங்கள் பாஷை உங்கள் கருவியில் அடங்கவில்லை' என்று அவர் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. கருவியையே புதிதாகச் செய்து, யாவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி உலகத்துக்கு அளித்துவிட்டார். ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்களுள்ள தேசத்தில் பிறந்த கருவி இன்று உலகத்தின் எத்தனையோ பாஷைகளுக்குச் சேவகம் செய்கிறது. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாத்திரம் தமிழைத் தாய்மொழியென்று சொன்னவர்கள் 6 கோடியே 90 லட்சம் பேர். நாம் வெட்கப்படுவதற்கும் ஊக்கங்கொள்வதற்கும் இவ்விரண்டு எண்களும் போதும்.

அந்தக் கருவி இரண்டு ஏடுகளைக் கொண்டு வேலை செய்கிறது. ஓர் ஏட்டில் வேர்ச்சொற்களின் பட்டியல். ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஒரு குறி. மற்றோர் ஏட்டில் விதிகள்: இந்தக் குறியுள்ள சொல் இன்னின்ன விகுதிகளை ஏற்கும், ஏற்கும்போது இன்னின்ன எழுத்துக்கள் திரியும் என்பவை. எழுதப்பட்ட சொல் பட்டியலிலோ, விதிகளால் பட்டியலிலிருந்து பிறக்கும் உருவங்களிலோ இருந்தால் சரி; இல்லையேல் சிவப்புக் கோடு. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, பன்மை என்று விரல்விட்டு எண்ணத்தக்க உருவங்களே உண்டு. தமிழிலோ 'வீடு' என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளுக்கும், வீட்டுக்காவது, வீட்டிலேதானா என்று விரிந்துகொண்டே போகும். ஆகையால் தமிழுக்கு வெறும் சொற்பட்டியல் உதவாது. இலக்கணமே யந்திரத்துக்குள் ஏற வேண்டும். எத்தனை லட்சம் சொற்களைச் சேர்த்தாலும் விதி ஏறாத அகராதி பாதித் தமிழைப் பிழையென்றே சொல்லும்.

விகுதிகளைக் கடந்தாலும் சந்தி குறுக்கே நிற்கிறது. ஏலக்காய்ச் செடி, ஏலக்காய்த் தோட்டம், ஏலக்காய்ப் பயிர், ஏலக்காய்க் கொள்முதல் என்று வருஞ்சொல்லுக்கு ஏற்றபடி நிலைச்சொல்லின் ஈற்றில் மெய் மிகுகிறது. உலாவியின் சோதனையோ ஒவ்வொரு சொல்லையும் தனியே பிடித்துப் பார்க்கிறது. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அது எட்டிப்பார்ப்பதில்லை. ஆதலால் 'ஏலக்காய்த்' என்பதைப் பிழையென்று சொல்லும். அல்லது நான்கையும் ஏற்றுக்கொண்டு, 'ஏலக்காய்த் செடி' என்று எழுதினாலும் பேசாமலிருக்கும்.

இன்னுமொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல் சரியாக இருந்து பொருள் தவறானால் இந்தப் பரிசோதகனுக்குத் தெரியாது. 'தொழிலாளர் மழைக்குப் போனார்கள்' என்று எழுதினால் அவர்கள் மலைக்குப் போனவர்கள் என்பது போடியில் சிறு பிள்ளைக்கும் தெரியும்; யந்திரத்துக்குத் தெரியாது. மலையும் சொல்லே, மழையும் சொல்லே. மனமும் மணமும், அறமும் அரமும் அப்படியே. ஏலமலையில் விளைவதும் ஏலம். சந்தையில் விலை கூறுவதும் ஏலம். ஆகவே சிவப்புக் கோடு விழவில்லையென்பதனால் எழுதியது சுத்தமென்று எண்ணுவது பேதைமை. யந்திரம் காவற்காரனேயன்றி ஆசிரியன் அல்லன். கடைசிப் பார்வை எழுதியவனுடைய கண்ணின் கடமை.

இது நிற்க. இருக்கிற கருவியை நாம் சரியாகக் கையாள்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் எழுதும் பெட்டியினுள் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் எழுத்துச் சோதனையை இயக்கவும் நிறுத்தவும் ஒரு வரியும், பாஷைகளைக் காட்டும் மற்றொரு வரியும் தோன்றும். அவ்விடத்திலேயே புதிய அகராதிகளைச் சேர்க்கும் வழியும் உண்டு. அந்த அகராதிகள் உலாவியின் துணைச் சேர்க்கைகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. 2022ஆம் வருஷத்தில் வந்த நூறாவது பதிப்பு முதல் ஒன்றுக்கு மேற்பட்ட பாஷைகளை ஏககாலத்தில் அவ்வுலாவியில் தேர்ந்தெடுக்கலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத வேண்டியவன் ஒவ்வொரு முறையும் பாஷையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒற்றை வரிப் பெட்டிகளில் ஃபயர்ஃபாக்ஸ் வழக்கமாகச் சோதிப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மனுவின் தலைப்பிலே பிழை நுழைவது பெரும்பாலும் இதனால்தான்.

குரோமில் அமைப்புகளைத் திறந்து, பாஷைகள் என்ற பகுதிக்குப் போனால் எழுத்துச் சோதனைக்குரிய இடம் இருக்கிறது. அதன் அகராதிகளின் வரிசையில் தமிழும் உண்டு. முதலில் தமிழை நம் பாஷைகளில் ஒன்றாகச் சேர்த்து, பிறகு அதற்கான சோதனையையும் இயக்க வேண்டும். சேர்த்ததோடு நின்றுவிட்டால் பயனில்லை. மாக் போன்ற சில கம்ப்யூட்டர்களில் இயங்குதளத்தின் சொந்த அகராதியையே குரோம் நாடும். அங்கே திருத்தம் செய்ய வேண்டிய இடமும் அதுவே. கைப்பேசியில் இவ்வேலையைப் பெரும்பாலும் விசைப்பலகைச் செயலி செய்கிறது. ஆகவே சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்தச் செயலியின் அமைப்பில்தான்.

ஆங்கிலத்திலும் கவனம் தேவை. அமெரிக்க ஆங்கில அகராதி இருக்கும் உலாவி, நம் பள்ளிகளில் கற்ற பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பிழையென்று கோடிடும். பட்டியலில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்டால் அந்தத் தொல்லை ஒழியும். அதற்காகக் கிடைத்த அகராதிகளையெல்லாம் அடுக்கிக்கொள்வதும் புத்தியல்ல. ஏதேனும் ஓர் அகராதியில் இருக்கும் சொல்லைச் சோதனை ஏற்றுக்கொள்ளும். அகராதிகள் பெருகப் பெருகக் காவல் தளரும். எழுதும் பாஷைகளை மாத்திரம் வைத்துக்கொள்வதே முறை.

எல்லாவற்றிலும் முக்கியமானது சொந்த அகராதி. சிவப்புக் கோடு விழுந்த சொல் சரியானதே என்று நிச்சயமாகத் தெரிந்தால், வலப்பொத்தானை அழுத்தி அதை அகராதியில் சேர்த்துவிடலாம். 'போடிமெட்டு', 'குரங்கணி', 'வண்டன்மேடு' முதலிய ஊர்ப்பெயர்களையும், இடுக்கித் தோட்டக்காரர் ஒருவர் தேர்ந்து பரப்பிய 'ஞள்ளானி' என்னும் ஏல ரகத்தின் பெயரையும் தூரதேசத்தில் தொகுத்த அகராதி எப்படி அறியும்? நாம்தான் அறிவிக்க வேண்டும். ஆனால் 'போடிமெட்டு' என்று சேர்த்தால் அந்த உருவம் மாத்திரமே சேரும். 'போடிமெட்டில்', 'போடிமெட்டுக்கு', 'போடிமெட்டிலிருந்து' என்பவற்றைத் தனித்தனியே சேர்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், அடிக்கடி எழுதும் உருவங்களை மாத்திரம் சேர்த்தால் சில நாட்களில் முடிந்துவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அவசரத்தில் பிழையான சொல்லையே சேர்த்துவிட்டால், அன்றுமுதல் யந்திரம் அந்தப் பிழைக்குச் சாட்சி சொல்லும். பலர் கூடிப் பயன்படுத்தும் பள்ளிக் கம்ப்யூட்டரிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் இந்த ஆபத்து அதிகம். சேர்த்தவுடனே தவறு தெரிந்தால் ஃபயர்ஃபாக்ஸில் உடனே திரும்பப் பெறலாம். குரோமில் சேர்த்த சொற்களின் பட்டியல் அமைப்புப் பகுதியிலேயே இருக்கிறது, வேண்டாததை நீக்கலாம். ஃபயர்ஃபாக்ஸின் சொந்த அகராதியோ பயனரின் கோப்புத் தொகுதியில் வரிக்கு ஒரு சொல்லாக எழுதப்பட்ட சாதாரண ஏடுதான். உலாவியை மூடிவிட்டுத் திறந்து திருத்தலாம், வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்தும் செல்லலாம். வருஷத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கும் வியாபாரி இந்தப் பட்டியலையும் ஒரு முறை பார்த்தால் நஷ்டமொன்றுமில்லை.

இனி, பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நேயர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. குரோமில் சோதனை இரண்டு வகை. அடிப்படைச் சோதனை நம் கம்ப்யூட்டரிலுள்ள அகராதியைக் கொண்டே நடக்கிறது. மேம்பட்ட சோதனை என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தால் உலாவியில் நாம் எழுதும் வாசகம் கூகிள் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பப்பட்டுச் சோதிக்கப்படுகிறது. அது திறமை மிக்கது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சங்கத்தின் அந்தரங்கக் கடிதமும், தொழிலாளியின் புகாரும், இன்னும் வெளியிடப்படாத அறிக்கையும் ஓர் எழுத்துப் பிழைக்காக வீட்டைவிட்டு வெளியே போய்வர வேண்டுமா? எதை எங்கே அனுப்பலாம் என்பதை எழுதுகிறவன் அறிந்து தீர்மானிக்க வேண்டும். அறியாமலே அனுப்புவது தீர்மானமாகாது.

எந்தச் சொல் சரி என்று தீர்ப்பவர் யார் என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் அடியில் நிற்கிறது. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். போடிநாயக்கனூர் என்றும் போடிநாயகனூர் என்றும் இருவகையாக எழுதக் காண்கிறோம். 2020ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி உத்தரவிட்டு, எதிர்ப்பு எழவே அதே மாதத்தில் வாபஸ் பெற்றது. உத்தரவினால் எழுத்துக்கூட்டல் நிலைப்பது எளிதன்று. ஜனங்களின் வழக்கத்தினால்தான் அது நிலைக்கும் என்பதற்கு இது அத்தாட்சி. தோட்டங்களில் ஏலக்காய் உலர்த்தும் இடத்தை 'ஸ்டோர்' என்கிறார்கள். மேற்பார்வையாளரைக் 'கங்காணி' என்று அழைத்த காலமும் உண்டு. இவை தூய தமிழல்ல, ஆகவே அகராதியில் வேண்டாம் என்று சில பண்டிதர்கள் கூறலாம். தூய்மையை நாம் வெறுக்கவில்லை. ஆனால் எழுத்துச் சோதனை என்பது சொல்லின் குலத்தை விசாரிக்கும் சபையன்று. எழுத்து சரியாக விழுந்ததா என்று பார்க்கும் கருவி. உழைப்பவன் தன் வேலையின் பெயரை எழுதினால் அதற்குச் சிவப்புக் கோடு இடுவது பாஷைக்குச் செய்யும் தொண்டாகாது.

அகராதித் தொண்டு நமக்குப் புதிதன்று. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். 1862இல் வின்ஸ்லோவின் அகராதி வெளிவந்தது. சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு பெருந்தொகுதிகளில் தமிழ் லெக்ஸிகனை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் ஏறின. அந்தத் தொகுதிகள் நூல்நிலையங்களில் கம்பீரமாக வீற்றிருக்கின்றன. ஆனால் எழுதுகிறவனுடைய கைக்கு அருகே வந்து நிற்கும் அகராதி இன்று உலாவியினுள் இருப்பதே. தமிழ்ச் சொற்களைப் பகுத்தறிந்து பிழை காட்டும் 'வாணி', சந்திப் பிழை காட்டும் 'நாவி' என்னும் கருவிகளை நீச்சல்காரன் என்னும் பெயரில் எழுதிவரும் அன்பர் தம் சொந்த முயற்சியால் ஆக்கி அளித்திருக்கிறார். மலைக்கு அப்பால் மலையாளத்துக்காக 'ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தொண்டர் குழு உழைத்துவருகிறது. விகுதியும் சந்தியும் அவர்களுக்கும் நமக்கும் பொதுவான சங்கடமே. தனி மனிதர்களும் சிறு குழுக்களும் இவ்வளவு செய்யக்கூடுமாயின், சர்வகலாசாலைகளும் சர்க்காரும் சங்கங்களும் கூடினால் எவ்வளவு செய்யக்கூடும்?

செயற்கை அறிவு யந்திரங்கள் வந்துவிட்டன, அவையே எழுதித் திருத்தித் தரும், இனி அகராதி எதற்கு என்று கேட்பாரும் உண்டு. அந்த யந்திரங்களும் நாம் எழுதி வைத்ததைப் படித்தே கற்கின்றன. நாம் பிழையாக எழுதினால் அவையும் பிழையாகக் கற்கும். நாம் எழுதாத சொல் அவற்றுக்கும் தெரியாது. ஊற்று வற்றினால் வாய்க்காலில் தண்ணீர் எங்கிருந்து வரும்?

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும், வாசகசாலையும், பள்ளியும் தன் உலாவியில் தமிழ் அகராதி ஏறியிருக்கிறதா என்று இன்றே பார்க்கட்டும். போடியின் வியாபாரிகளும் ஆசிரியர்களும் தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் ஒன்றுகூடி, இந்த மலையின் ஊர்ப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் ஒரு பட்டியலாக எழுதட்டும். இருவகை எழுத்துக்கூட்டல் வழங்கினால் இரண்டையும் எழுதட்டும். அதை அறிந்தவர் ஒருவர் சரிபார்க்க, இலவச அகராதிகளைப் பராமரிக்கும் தொண்டர்களுக்கு அனுப்பட்டும். ஒருவன் சொந்த அகராதியில் சேர்த்த சொல் அவனுக்கு மாத்திரம் உதவும்; பொது அகராதியில் சேர்ந்த சொல் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதுகிறவனுக்கும் உதவும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், நான்கு மாலைப் பொழுதுகளும், பிழையைப் பொறுக்காத மனமும் போதும். ஏலக்காயைத் தரம் பிரித்து நிறை போடத் தெரிந்த ஊருக்குச் சொல்லைத் தரம் பார்க்கத் தெரியாமற்போகாது. நம் சொல்லை நாம் எழுதி வையாதவரையில் அதைப் பிழையென்று சொல்ல எந்த யந்திரத்துக்கும் உரிமை இருந்துகொண்டேயிருக்கும்.